வெளிநாட்டுக் கடனும் ஆலோசனையும்: கொள்கை ஆய்வாளர் ஜோமோ சுந்தரத்தின் பயணம்

பண்டமாரான் – கிழக்குக் கரை இரயில் தடத்தின் கடைசி முனை கிள்ளான் துறைமுகம். பண்டமாரான் மக்களுக்கு அது கூப்பிடு தூரம். 6,550 கோடி ரிங்கிட் எனக் கணக்கிடப்பட்ட இத்திட்டத்தின் செலவில் 85 விழுக்காடு சீனாவின் எக்சிம் வங்கிக் கடன். 2018-இல் பணி நிறுத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் துன் டாயிம் தலைமையில் நடந்த மறுபேச்சுவார்த்தைக்குப் பின் செலவு 4,400 கோடியாக இறங்கியது. 2021-இல் தடம் மீண்டும் மாற்றப்பட்டு 5,000 கோடியானது.

ஒரே இரயில், ஆனால் நிபந்தனை மாறினால் மக்கள் தோளில் ஏறும் சுமையும் மாறுகிறது. இந்த நிபந்தனைகளை ஆராய்வதே கொள்கை ஆய்வாளரின் வேலை.

அத்துறையில் உலக அளவில் பெயர் பெற்ற மலேசியர், பொருளாதார வல்லுநர் ஜோமோ குவாமே சுந்தரம். 1952-இல் பினாங்கில் பிறந்தவர். கென்யாவின் ஜோமோ கென்யாட்டா, கானாவின் குவாமே நுக்ருமா ஆகிய விடுதலைத் தலைவர்களின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பயின்ற பின், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார்.

1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. தாய்லாந்து, இந்தோனேசியா, தென் கொரியா மூன்றும் அனைத்துலகப் பண நிதியத்திடம் கடன் வாங்கின. கடனோடு, செலவைக் குறை, வங்கிகளை மூடு என்ற நிபந்தனைகளும் வந்தன. மலேசியா அக்கடனை வாங்கவில்லை. 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு விதித்து, ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என நிர்ணயித்தது. அந்த நெருக்கடியை ஆராய்ந்து நூல்கள் தொகுத்தவர்களில் ஜோமோவும் ஒருவர்.

2005 முதல் 2012 வரை ஐக்கிய நாடுகள் சபையில் பொருளாதார மேம்பாட்டுக்கான உதவித் தலைமைச் செயலாளராகவும், பின்னர் 2015 வரை ரோமில் உள்ள உணவு, வேளாண்மை நிறுவனத்திலும் பணியாற்றினார். 2007-இல் லியோன்டிப் பரிசு பெற்றார். 2018 மே மாதம் அமைக்கப்பட்ட ஐவர் கொண்ட மேன்மைமிகு ஆலோசகர் மன்றத்திலும் இடம்பெற்றார்.

வெளிநாட்டுச் செல்வாக்கு எப்போதும் மிரட்டலாக வருவதில்லை. சலுகைக் கடன், இலவச ஆலோசனை, வாணிப ஒப்பந்தம் என்ற உருவங்களிலும் வரும். எல்லாமே தீங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. துறைமுகத்திற்கு இரயில் வந்தால் வேலையும் வரும். ஆனால் வட்டி எவ்வளவு, குத்தகை யாருக்கு, வழக்கு எந்த நாட்டில் என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டாக வேண்டும்.

எஸ்.டி.பி.எம். முடித்து என்ன படிப்பது என்று யோசிக்கும் நம் பிள்ளைகள் மருத்துவம், சட்டம், பொறியியலோடு பொருளாதாரத்தையும் பட்டியலில் சேர்க்கலாம். கணக்கும் மொழியும் கைவந்தவர்களுக்கு இத்துறையில் இடம் உண்டு. இன்று கையெழுத்தாகும் கடனை வரி கட்டித் தீர்க்கப்போகிறவர்களும் அவர்களே.