ஓர் அளவுகோல், இரு சோதனைகள்

பன்னிரண்டாம் வகுப்பில் பெருமம், சிறுமம் நடத்தும்போது, ஊன்றிப் படிக்கும் மாணவர் யாரேனும் இப்படிக் கேட்டுவிடுவார்: "முதல் வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினோம். இரண்டாம் வகைக்கெழு மிகை என்றும் பார்த்தோம். இதைவிடச் சிறிய மதிப்பு வேறெங்கும் இல்லை என்பதற்கு என்ன உறுதி, சார்?"

நியாயமான கேள்வி. நாம் செய்த சோதனை அந்தப் புள்ளியின் அக்கம்பக்கத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது. வளைவு முழுவதையும் பற்றிச் சொல்ல அதன் வடிவம் தெரிய வேண்டும். வடிவம் பற்றிய இரு கருத்துகளை வரைபடத்தாளும் அளவுகோலும் கொண்டே விளக்கிவிடலாம். தொடர்ச்சியான சார்புகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாறியை 'க' என்று குறிக்கிறேன்.

சாய்த்து வைக்கும் சோதனை

வளைவின் மீது ஏதேனும் இரு புள்ளிகளை அளவுகோலால் இணையுங்கள். எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும், அவற்றுக்கு இடையே வளைவு அந்த நாணுக்கு மேலே எழாவிட்டால், அது குவிவுச் சார்பு. க², |க| ஆகியவை இவ்வகை.

மேல்நிலை வகுப்பில் 'மேல்நோக்கிக் குழிவு' என்று நாம் சொல்லும் வளைவுதான் இது. கிண்ணம்போல் குழிந்திருப்பதைக் குவிவு என்பானேன் என்று மாணவர்கள் குழம்புவார்கள். வளைவுக்கு மேலே உள்ள பரப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எந்த இரு புள்ளிகளை இணைத்தாலும் கோட்டுத்துண்டு அந்தப் பரப்புக்கு உள்ளேயே இருக்கும். குவிவு நாற்கரத்துக்கும் இதே விதிதான். டென்மார்க்கைச் சேர்ந்த யென்சன் 1906-இல் வெளியிட்ட கட்டுரை, இச்சார்புகளைப் பற்றிய ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தது.

கிடையாக வைக்கும் சோதனை

இப்போது அளவுகோலைக் கிடைமட்டமாக வைத்து மேலும் கீழும் நகர்த்துங்கள். அளவுகோலின் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் உள்ள வளைவின் பகுதி ஒரே துண்டாக இருக்கிறதா? எந்த உயரத்திலும் அது இரண்டாகப் பிரியாவிட்டால், அதைக் 'குவாசி கான்வெக்ஸ்' சார்பு என்பர். நம் பள்ளிப் பாடத்தில் இல்லாத சொல் என்பதால், இங்கே 'குவிவையொத்த சார்பு' என்கிறேன். வேறுவிதமாகச் சொன்னால், இரு புள்ளிகளுக்கு இடையே சார்பின் மதிப்பு, இரு முனை மதிப்புகளில் பெரியதைத் தாண்டாது.

உறவு ஒருவழிப் பாதை

நாண் தன் உயரமான முனையைவிட மேலே போகாது. குவிவுச் சார்பின் வளைவு நாணைவிட மேலே போகாது. எனவே அவ்வளைவும் உயரமான முனையைத் தாண்டாது. ஆக, ஒவ்வொரு குவிவுச் சார்பும் குவிவையொத்த சார்பே.

மறுதலை உண்மையன்று. √|க| என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். க = 0 எனில் மதிப்பு 0; க = 4 எனில் 2. நடுவில் க = 2 என்ற இடத்தில் நாணின் உயரம் 1; சார்பின் மதிப்போ √2, அதாவது ஏறத்தாழ 1.41. வளைவு நாணுக்கு மேலே எழுந்துவிட்டது. இது குவிவுச் சார்பு அன்று. ஆனால் கிடைமட்ட அளவுகோலை எங்கு வைத்தாலும் கீழே ஒரே துண்டுதான். சதுரம் எல்லாம் செவ்வகம், செவ்வகம் எல்லாம் சதுரம் அன்று எனத் தொடக்க வகுப்பில் கற்பிக்கிறோமே, அதே உறவுதான் இது.

கைநழுவும் மூன்று வசதிகள்

1. வகைக்கெழுச் சோதனை: குவிவுச் சார்பில் வகைக்கெழு பூச்சியமானால் அங்கே மீச்சிறு மதிப்பு உறுதி. க³ எப்போதும் ஏறும் சார்பு. எனவே குவிவையொத்த சார்பு. க = 0 என்ற இடத்தில் அதன் வகைக்கெழு பூச்சியம். ஆனால் அங்கே சிறுமம் இல்லை.

2. கூட்டல்: இரு குவிவுச் சார்புகளைக் கூட்டினால் குவிவுச் சார்பே கிடைக்கும். க³ ஏறும் சார்பு, −3க இறங்கும் சார்பு, இரண்டும் குவிவையொத்தவை. கூட்டினால் க³ − 3க. இதன் மதிப்பு −2, 1 ஆகிய இரு புள்ளிகளிலும் −2. இடையில் −1 என்ற புள்ளியில் 2. கிடைமட்டச் சோதனையில் தோற்றுவிட்டது.

3. சமதளம்: க 0-லிருந்து 1 வரை செல்லும்போது மதிப்பு 0-லிருந்து 1-க்கு ஏறி, 2 வரை 1-ஆகவே நின்று, பிறகு மீண்டும் ஏறுகிறது என்று கொள்வோம். இடப்பக்கமும் அவ்வாறே. இது குவிவையொத்த சார்பு. ஆனால் க = 1.5 என்ற இடத்தில் அக்கம்பக்கத்தில் சிறிய மதிப்பு ஏதுமில்லை. ஒட்டுமொத்தச் சிறுமமோ 0-இல் இருக்கிறது.

குவிவையொத்த சார்பைக் குவிவுச் சார்பாக மாற்ற முடியுமா? இத்தாலியக் கணித அறிஞர் புரூனோ டி ஃபினெட்டி 1949-இல் இக்கேள்வியை ஆராய்ந்தார். √|க|-இன் மதிப்புகளை வர்க்கப்படுத்தினால் |க| கிடைக்கிறது, குவிவாகிவிட்டது. ஆனால் சமதளம் உள்ள சார்பு அப்படி மசியாது. தொடர்ந்து ஏறும் எந்தச் சார்பின் வழியே அதன் மதிப்புகளைச் செலுத்தினாலும், 1-இலும் 2-இலும் உயரம் சமமாகவே இருக்கும். 0-இல் மட்டும் குறைவாக இருக்கும். 0-ஐயும் 2-ஐயும் இணைக்கும் நாண், 1 என்ற இடத்தில் வளைவுக்குக் கீழேதான் போகும்.

மாணவரின் கேள்விக்கு விடை

க³ − 3க என்ற சார்பில் க = 1 எனில் முதல் வகைக்கெழு பூச்சியம், இரண்டாம் வகைக்கெழு 6. மதிப்பு −2. ஆனால் க = −3 எனில் மதிப்பு −18! மாணவரின் ஐயம் சரியானதே. க² − 4க + 7 என்ற சார்பிலோ இரண்டாம் வகைக்கெழு எங்கும் 2. ஆகவே அது குவிவுச் சார்பு; க = 2 என்ற இடத்தில் கிடைக்கும் 3-ஐவிடச் சிறிய மதிப்பு வேறெங்கும் இல்லை.

இரண்டாம் வகைக்கெழு அந்த ஒரு புள்ளியில் மட்டும் மிகையா, சார்பகம் முழுவதுமா? சார்பகம் ஓர் இடைவெளியாக இருக்கும் கணக்குகளில் விடைக்குக் கீழே இதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். விடை கண்டதோடு நில்லாமல், அது ஏன் விடை என்று சொல்லும் பழக்கம் மாணவருக்கு வரும்.