கோலாலம்பூரின் குப்பை எங்கே பிரிகிறது?

கோலாலம்பூரின் வடபகுதியிலுள்ள தாமான் பெரிங்கின் குப்பை மாற்று நிலையத்தைப் பார்வையிடச் செல்வோர், நெகிழியும் தாளும் தகரமும் தனித்தனியே பிரிக்கப்படும் காட்சியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே அடைவர். ஏனெனில் அது பிரிக்கும் இடமன்று, அழுத்தும் இடம். பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களின் பின்சந்துகளிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலும் சேரும் குப்பை, நகரின் பிற பகுதிக் குப்பையோடு இங்கே கொட்டப்பட்டு, இயந்திரத்தால் இறுக்கப்பட்டு, பெரிய லோரிகளில் உலு சிலாங்கூரின் புக்கிட் தாகாருக்கு அனுப்பப்படுகிறது. சிறு லோரிகள் பல நெடுந்தூரம் ஓடுவதைத் தவிர்ப்பதே மாற்று நிலையத்தின் பயன்.

2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் புக்கிட் தாகார், திறந்தவெளிக் கொட்டுமிடத்திலிருந்து வேறுபட்ட, பொறியியல் முறைப்படி அமைந்த புதைநிலமாகும். அதன் அடியில் நீர்புகாத தடித்த நெகிழி விரிப்பு இடப்பட்டிருப்பதால், குப்பையினூடே வடியும் கறுத்த கசிவுநீர் மண்ணுக்குள் இறங்காமல் குழாய்வழி சுத்திகரிப்புக்குச் செல்கிறது. காற்றுப்படாமல் மட்கும் உணவு வெளிவிடும் மீத்தேன் வாயு சேகரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. நாட்டில் இம்முறைக்கு முன்னோடி, பூச்சோங் அருகே 1995 முதல் 2006 வரை இயங்கிய ஆயர் ஈத்தாம் புதைநிலம்.

கசிவுநீருக்கும் வாயுவுக்கும் பெரிதும் காரணமாவது உணவுக் கழிவு. 2012இல் அரசு நடத்திய ஆய்வின்படி, மலேசிய வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவு, நெகிழி 13.2, குழந்தைகளின் அணையாடை 12.1, தாள் 8.5 விழுக்காடு. தாளைவிட அணையாடை மிகுந்திருப்பதே வியப்புக்குரியது என்றாலும், மறுசுழற்சியைக் கெடுப்பது குழம்பும் சோறும்தான். ஈரம் பட்ட அட்டையை எந்தப் பழைய பேப்பர்காரரும் எடைபோட மாட்டார். ஆகவே பிரித்தல் வீட்டிலேயே நடந்தாக வேண்டும் என்று கருதிய கூட்டரசு, 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டத்தின்கீழ், 2015 செப்டம்பர் 1 முதல் அதைக் கட்டாயமாக்கியது. எஞ்சிய குப்பை வாரம் இருமுறையும், மறுசுழற்சிப் பொருள்கள் ஒருமுறையும் எடுக்கப்படும் என்பது ஏற்பாடு. மீறுவோருக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதம். தரைவீடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே பொதுத்தொட்டி உள்ள அடுக்குமாடிகளில் எந்தப் பை எவருடையது என்று கண்டறிவது எளிதன்று.

ஆனால் சிலாங்கூரிலுள்ள கிள்ளானுக்கு இந்தக் கட்டாயமே இல்லை. சிலாங்கூர் மாநிலம் அச்சட்டத்தை ஏற்காததால், அங்கே குப்பை அகற்றுவது மாநில அரசின் நிறுவனம் வழியாக நடைபெறுகிறது. கிள்ளான் குப்பை கோலசிலாங்கூரின் ஜெராம் புதைநிலத்துக்குப் போகிறது. சட்டத்தை ஏற்ற தலைநகரின் குப்பையோ, அதை ஏற்காத சிலாங்கூரில்தான் புதைக்கப்படுகிறது.

இதற்கிடையே கிள்ளான் துறைமுகம் வழியாகப் பிறநாட்டுக் குப்பையும் வந்திறங்கியது. 2018 தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், அவ்வாண்டில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மலேசியாவுக்கு வந்தது. கோல லங்காட்டின் ஜெஞ்சாரோமில் உரிமமற்ற ஆலைகள் பெருகி, பயன்படாதவற்றை எரித்தன. 2019 மே 28 அன்று, அப்போதைய அமைச்சர் இயோ பீ யின், 60 கொள்கலன்களிலுள்ள 3,000 டன் கழிவு வந்த நாடுகளுக்கே திருப்பியனுப்பப்படும் என்று அறிவித்தார். அபாயக் கழிவுகள் எல்லை கடப்பதை ஒழுங்குபடுத்தும் பாசல் ஒப்பந்தம் அம்மாதமே திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, 2021 முதல், வகைபிரித்த தூய நெகிழியைத் தடையின்றி மறுசுழற்சிக்கு அனுப்பலாம். கலந்ததும் அழுக்கானதுமான நெகிழிக்குப் பெறும் நாட்டின் முன்னிசைவு வேண்டும். அமெரிக்கா அவ்வொப்பந்தத்தில் சேராத நாடு. அத்தகைய நாடுகளிலிருந்து நெகிழிக் கழிவு வருவதை மலேசியா 2025 ஜூலை 1 முதல் தன் சுங்க விதிகளாலேயே தடுத்துள்ளது.