எம்டனை மாட்டிவிட்ட தந்தி!

"அவன்கிட்ட ஜாக்கிரதையா இரு. சரியான எம்டன்!"

ஆபீஸில் ஒரு தடவையாவது இந்த வசனம் உங்கள் காதில் விழுந்திருக்கும். மானேஜரைப் பற்றி நீங்களே சொல்லியிருக்கவும் கூடும். (மானேஜர் இல்லை என்றால் மாமனார்!)

ஆனால் எம்டன் என்பது ஆள் இல்லை சார், கப்பல். மூன்று புகைபோக்கி வைத்த ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி சென்னைக்கு வந்தது. அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். ஹைகோர்ட் மதில் சுவரில் அந்த ராத்திரிக்கு இன்றைக்கும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழுக்குப் புது வார்த்தை ஒன்றும் கிடைத்தது.

குண்டு போட்டதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கதை. எம்டன் ஜெயித்ததும் தகவலால்தான், தோற்றதும் தகவலால்தான். இன்றைக்கு உலக ராணுவங்கள் சாட்டிலைட், ரேடார், கம்ப்யூட்டர் என்று கோடிகோடியாகக் கொட்டித் தேடுகிற சங்கதியும் அதுதான்: எதிரியைவிட ஒரு படி முன்னால் தெரிந்து வைத்திருப்பது.

கொண்டுவிக்கப் போன ஊர்

'காரைக்குடிக்காரனுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்காதீர்கள். இந்தச் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண் எல்லாம் கப்பலில் வந்ததுதானே? ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் கடிதமும் பணமும் அனுப்பியது வங்காள விரிகுடா வழியாகத்தான். ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தவர்கள் அவர்கள். தகவல் ஒரு நாள் பிந்தினால் எத்தனை ரூபாய் நஷ்டம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வங்காள விரிகுடாவில்தான் 1914 செப்டம்பர் 10-ம் தேதி எம்டன் வேலையை ஆரம்பித்தது. ஐந்தாறு நாளில் அடுத்தடுத்துச் சரக்குக் கப்பல்கள் அவுட். 'எங்கே எம்டன், எங்கே எம்டன்' என்று பெரிய பெரிய போர்க்கப்பல்கள் தேடின. கிடைக்கவில்லை.

எப்படி? கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் செய்தது மூன்று காரியம்.

ஒன்று, தன் ஒயர்லெஸ்ஸில் பேசவே இல்லை. எதிரி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். அப்போது ஒயர்லெஸ் புதுசு. பிரிட்டிஷ் கப்பல்களின் சிக்னல் பலமாகக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறார்கள், மெலிந்தால் தூரம். சங்கேத மொழி புரியாவிட்டாலும் இந்தக் கணக்கு போதும்.

இரண்டு, பேப்பர் படித்தார்! பிடிபட்ட கப்பல்களில் இருந்த கல்கத்தாப் பத்திரிகைகளில் எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று விவரமாகப் போட்டிருந்தார்கள். காலணா செலவில்லாத உளவு.

மூன்று, கான்வாஸ் துணியில் நாலாவதாக ஒரு புகைபோக்கி செய்து வைத்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருக்கும். தான் தெரிந்துகொள்வது பாதி. எதிராளியைத் தப்பாகத் தெரிந்துகொள்ள வைப்பது மீதி.

எரிந்துகொண்டிருந்த விளக்கு

சென்னைக்கு வருவோம். எம்டன் வந்திருப்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. நடுவில் லோரெடானோ என்ற இத்தாலியக் கப்பலை நிறுத்திச் சோதித்தார்கள். இத்தாலி அப்போது நடுநிலை நாடு என்பதால் விட்டுவிட்டார்கள். அது போய் எதிரே வந்த கப்பலிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. செப்டம்பர் 14 வாக்கில் சேதி பரவி, கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது.

அதற்கு எட்டு நாள் கழித்து, ராத்திரி எம்டன் சென்னையை நெருங்கும்போது என்ன பார்த்தது தெரியுமா? துறைமுக விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கம் ஹைகோர்ட் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. அதுவும் எரிந்து, 'இப்படி வாங்கோ, இதுதான் மெட்ராஸ்' என்று வழிகாட்டியது!

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது கணக்குப்பிள்ளை செய்யும் தப்பாகத்தான் தெரிகிறது. குறிப்பேட்டில் பதிவு இருக்கிறது. ஆனால் பேரேட்டுக்கு எடுத்து எழுதவில்லை. பேரேட்டுக்குப் போகாத பதிவு, ஐந்தொகை போடும்போது இல்லாத பதிவுதான்.

டென்னிஸ் கோர்ட் ஜாக்கிரதை!

அக்டோபர் 28-ம் தேதி விடியற்காலை, நாலு புகைபோக்கியோடு எம்டன் பினாங்குக்குள் நுழைந்தது. ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதன் கேப்டன் அந்த நேரம் கரையில்! வெளியே வரும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலும் காலி. பினாங்குக் கிட்டங்கிகளில் தூங்கிக்கொண்டிருந்த நம்மூர்க்காரர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

அடுத்து முல்லர் குறிவைத்தது கப்பலை இல்லை, தந்தி ஆபீஸை. இந்தியப் பெருங்கடல் நடுவே கோகோஸ் தீவுகள். அதில் டைரக்‌ஷன் தீவு என்று ஒரு துண்டு நிலம். ஆஸ்திரேலியாவையும் மற்ற நாடுகளையும் இணைக்கும் கடலடிக் கேபிள்கள் அங்கே வந்து சேர்ந்தன. அதை அறுத்தால் எதிரியின் காதையே அறுத்த மாதிரி.

நவம்பர் 9, காலை. எம்டன் வந்து நின்றது. தந்தி ஆபீஸ் ஊழியர்கள் பார்த்தார்கள். நாலாவது புகைபோக்கி கொஞ்சம் 'ஒரு மாதிரி' இருந்தது. துணி! அவர்கள் மேலிடத்துக்கு ஃபைல் அனுப்பி உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. 'அந்நியக் கப்பல் வாசலில்' என்று உடனே ஒயர்லெஸ்ஸில் தட்டிவிட்டார்கள். எம்டன் தன் ஒயர்லெஸ்ஸால் அதைக் குழப்பப் பார்த்தது. அதற்குள் சேதி போய்விட்டது.

பிறகு சுமார் 50 ஜெர்மன் வீரர்கள் கரையிறங்கி, கருவிகளை உடைத்து, ஒயர்லெஸ் கம்பத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள். "டென்னிஸ் கோர்ட் மேலே விழாமப் பார்த்துக்குங்க" என்று ஊழியர்கள் கேட்டுக்கொண்டார்களாம். ஜெர்மன்காரர்களும் பெருந்தன்மையாக வேறு பக்கம் சாய்த்தார்கள். கேபிள்களைத் தேடி அறுத்ததில் உருப்படியாக அறுந்தது ஒன்றுதான். இன்னொன்று, ஏமாற்றுவதற்காகப் போட்டு வைத்த டம்மி!

முல்லருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. சுமார் 50 மைல் தூரத்தில், ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பரம ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தன. கல்கத்தாப் பத்திரிகை போல அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காவலுக்கு வந்த சிட்னி என்ற போர்க்கப்பல் தந்தியைக் கேட்டுத் திரும்பியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் தீவை எட்டியது. பகல் பதினொன்றரைக்குள் எம்டன் ஓட்டை உடைசலாக ஒரு பவளப்பாறையில் ஏறி நின்றது. நூற்று முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மறைந்து மறைந்து ஜெயித்தவரை, மறைந்து வந்தவர்கள் மடக்கிவிட்டார்கள்.

சாட்டிலைட் இருக்கே மாப்ளே!

இதைச் செக்காலை ரோட்டு டீக்கடையில் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அது அந்தக் காலம் மாப்ளே. இப்பதான் மேல சாட்டிலைட் சுத்துதே! எறும்பு நகர்ந்தாக்கூடத் தெரியும்" என்றார்.

எறும்பு நகர்ந்தால் தெரியலாம். பார்க்கிறவர் அதை எறும்பு என்று நம்ப வேண்டுமே!

1999 கார்கில். மே முதல் வாரம். பனிமலையில் ஊடுருவல்காரர்களை முதலில் பார்த்துச் சொன்னது மலையில் கால்நடை மேய்த்தவர்கள்! பிறகு தொழில்நுட்பமும் தன் பங்கைச் செய்தது. பீஜிங்கில் இருந்த முஷாரப், ராவல்பிண்டியில் இருந்த ஜெனரல் அஜீஸோடு மே 26-ம் தேதி டெலிபோனில் பேசியதை நம் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். 'எங்க ஆளுங்க இல்லை, முஜாஹிதீன்' என்று சாதித்த பாகிஸ்தானின் வண்டவாளம் ஜூனில் தண்டவாளம் ஏறியது. ஆனால் வெளியிட்டதும் 'அந்த லைன் ஒட்டுக் கேட்கப்படுகிறது' என்று எதிரிக்கும் தெரிந்துபோனது. உளவில் எந்தச் சரக்கையும் ஒரு தடவைதான் விற்கலாம்.

எங்கே கோட்டைவிட்டோம் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் கே. சுப்ரமணியம், நம்ம திருச்சியில் பிறந்தவர். அரை மீட்டர் அளவுக்குத் துல்லியமாகப் படம் எடுக்கும் சாட்டிலைட்டும் ஆளில்லா விமானமும் இருந்திருந்தால் முன்கூட்டியே கண்டிருக்கலாம் என்றது அறிக்கை. அதோடு நிற்கவில்லை. உளவு அமைப்புகள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறி, சேர்த்துப் பார்க்க ஒழுங்கான ஏற்பாடே இல்லை என்றும் குட்டியது. மறுபடியும் அதே குறிப்பேடு, பேரேடு சமாசாரம்!

அதன் பிறகு வேலைகள் நடந்தன. 2001-ல் ஒரு மீட்டர் துல்லியத்தில் படமெடுக்கும் டி.இ.எஸ். சாட்டிலைட் போனது. முப்படைக்கும் பொதுவாக ராணுவ உளவு அமைப்பு 2002-ல் வந்தது. தொழில்நுட்ப உளவுக்கென்றே என்.டி.ஆர்.ஓ. 2004-ல் வந்தது.

நம்ம பக்கத்திலும் பாருங்கள். நெல்லைச் சீமையில் விஜயநாராயணம். 1990-லிருந்து அங்கே ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் சாதாரண ரேடியோ எட்டாது. மிக நீண்ட அலைதான் சில மீட்டராவது தண்ணீருக்குள் இறங்கும். அதை அனுப்பும் நிலையம் அது. அரக்கோணத்திலிருந்து 2013 முதல் பி-8ஐ விமானங்கள் கடலை மோப்பம் பிடிக்கின்றன. இங்கிருந்து ராமேசுவரம் போகும் வழியில் உச்சிப்புளியில் ஆளில்லா விமானங்களே இருக்கின்றன. அன்றைக்கு எம்டன் ஹாயாக உலாவிய அதே வங்கக் கடல்தான் சார்!

கலங்கரை விளக்கம் உங்கள் பாக்கெட்டில்

சரி, ஆபீஸில் உட்கார்ந்து வவுச்சர் போடும் நமக்கும் இதற்கும் என்ன?

2008 மும்பைத் தாக்குதலில், எல்லை தாண்டி உட்கார்ந்து டி.வி.யில் நேரடி ஒளிபரப்பைப் பார்த்தபடியே தீவிரவாதிகளுக்குப் போனில் உத்தரவு கொடுத்தார்கள். கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்று நாமே ஒளிபரப்பிக்கொண்டிருந்தோம். 2017-ல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப், ஓடுகிறவர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் உலக வரைபடமாகப் போட்டது. ஆளில்லாத பாலைவனத்தில் திடீரென்று வட்டமாக ஒரு கோடு பளிச்! அமெரிக்க வீரர்கள் தங்கள் முகாமைச் சுற்றி ஜாகிங் போன பாதை! 2020-ல் நம் ராணுவம் 89 ஆப்களை போனிலிருந்து நீக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில், ராணுவ நடமாட்டத்தை நேரடியாக ஒளிபரப்பாதீர்கள் என்று மத்திய அரசே சேனல்களைக் கேட்டுக்கொண்டது.

அன்றைக்குக் கல்கத்தாப் பத்திரிகை செய்ததை இன்றைக்கு நாம் ஆளுக்கு ஒரு பத்திரிகையாகச் செய்துகொண்டிருக்கிறோம். சிவகங்கைச் சீமையில் தெருவுக்கு ஒரு பையன் மிலிட்டரியில் இருக்கிறான். 'தம்பி இன்னிக்கு யூனிட்டோட கிளம்பிட்டான்' என்று ரயில் நம்பரோடு ஸ்டேட்டஸ் போடுகிற அண்ணன்கள் யோசிக்க வேண்டும். எங்கோ ஒரு முல்லர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அதேபோல 'ஒரு மாதிரி' இருக்கும் எதையாவது பார்த்தால், நமக்கேன் வம்பு என்று போய்விடாமல் போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள். துணிப் புகைபோக்கியைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் இல்லை. டென்னிஸ் கோர்ட்டைப் பற்றிக் கவலைப்பட்ட, நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்கள்தான்.

விளக்கு எரிவது நல்லதுதான் சார். எம்டன் வருகிற ராத்திரியில் மட்டும் அணைத்து வைப்போம்.