கியர்பாக்ஸ் போச்சா? முதல்ல செயினைப் பாருங்க!



ஏற்காடு மலையில் இரு சக்கர வண்டி ஆடம்பரப் பொருள் இல்லை. மிளகு மூட்டையை இறக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வண்டிதான் துணை. நம்மில் பலர் வீட்டில் அது குழுக் கடனில் வாங்கிய வண்டி. ஓட்டுவது யாராக இருந்தாலும் தவணை கட்டுவது நாம்தான்.

அந்த வண்டி ஒருநாள் மக்கர் பண்ணும்போது, "கியர்பாக்ஸ் போச்சுங்க, இன்ஜினை இறக்கணும்" என்ற பேச்சு வரும். உடனே அடுத்த கடனுக்கு மனு எழுதுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். கியர்பாக்ஸ் கோளாறு மாதிரி தெரிகிற பல பிரச்சினைகள் அதற்கு வெளியேதான் இருக்கும். செயின், பல்சக்கரம், கிளட்ச் கேபிள், ஆயில் ஆகிய நான்கையும் முதலில் பார்த்துவிட வேண்டும். இதை நாமே பார்க்கலாம்.

வண்டி எப்படி நகர்கிறது?

இன்ஜினில் பிறக்கும் சக்தி கிளட்ச் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரம், செயின், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரம் என்று போய்ப் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிளட்ச் என்பது வாய்க்கால் மடை மாதிரி. பிடித்தால் சக்தி நிற்கும், விட்டால் பாயும். இந்தப் பாதையில் எங்கே பழுது என்றாலும் ஓட்டுபவருக்கு "கியர் சரியில்லை" என்றுதான் தோன்றும்.

1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். எக்ஸ்எல் மொபெட்டுக்குக் கியர் கிடையாது. ஆனால் செயின் உண்டு. அதனால் செயின் பற்றிய செய்தி அந்த வண்டிக்கும் பொருந்தும்.

மலையில் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். அதுவும் மூட்டையோடும், பின்னால் ஆளோடும். ஏற்றம் முழுக்கச் செயின் விறைப்பாக இழுபடுகிறது. மழையும் பனியும் செயினில் உள்ள எண்ணெயைக் கழுவி விடுகின்றன. தோட்டப் பாதையின் மண் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது. நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும் முன் ஒருமுறை செயினைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

செயினைப் பார்க்கும் முறை

முதல் விதி: இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். ஓடுகிற செயினைத் துணியால் துடைக்கப் போனால் விரல் போய்விடும்.

1. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் தொட்டு மேலும் கீழும் ஆட்டுங்கள். சுமார் 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் இருக்கலாம். (உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும்.) மூடிய செயின் கவர் உள்ள வண்டியில் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்கலாம்.

2. பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, நாலைந்து இடத்தில் இதே மாதிரி பாருங்கள். ஓரிடத்தில் தொளதொள, ஓரிடத்தில் விறைப்பு என்றால் செயின் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கிறது.

3. கவரைக் கழற்றி, பெரிய பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினைப் பின்னுக்கு இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. பற்கள் அரிவாள் மூக்கு மாதிரி வளைந்திருந்தாலும் அப்படியே.

செயின் தேய்ந்தால் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும். தொளதொளப்பு மட்டும் என்றால் அட்ஜஸ்ட் செய்தால் போதும். இரண்டு பக்கமும் அடையாளக் கோடு ஒரே அளவில் நிற்க வேண்டும். சக்கரம் பின்னுக்கு நகர்வதால், பிறகு பின் பிரேக்கையும் சரிபார்க்கணும். செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிப் போட்டால் கழன்று விழும்.

சாதாரணச் செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கெட்டியான கியர் ஆயில் விடுங்கள். கழிவு ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும். அதை ஊற்ற வேண்டாம்.

அறிகுறியும் காரணமும்

ஆக்சிலேட்டரை முறுக்கும்போது 'டக்' என்று உதறுகிறதா? பெரும்பாலும் செயின் தொய்வு.

கிளட்ச் பிடித்தும் வண்டி நகர்கிறதா? கியர் 'கர்ர்' என்று விழுகிறதா, நியூட்ரல் கிடைக்கவில்லையா? கிளட்ச் கேபிள் தொய்வாக இருக்கலாம், ஆயில் பழசாகி இருக்கலாம்.

ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லையா? கிளட்ச் நழுவுகிறது. கைப்பிடி முனையில் 1 முதல் 2 செ.மீ. சும்மா ஆடும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கேபிள் விறைத்திருந்தாலும் நழுவும். கார் ஆயில் ஊற்றினாலும் நழுவலாம். இவை சரியாக இருந்தும் நழுவினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். பிளேட் மாற்றப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் போதும். இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

கியர் லிவரை மிதித்தால் சும்மா சுற்றுகிறதா? லிவரின் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது உள்பல் தேய்ந்திருக்கும். லிவரை மாற்றினால் சரியாகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், ஏற்றத்தில் போட்ட கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தாலோ, வடித்த ஆயிலில் பளபளக்கும் இரும்புச் சில்லுகள் கிடந்தாலோ அது உண்மையிலேயே கியர்பாக்ஸ் வேலைதான். தள்ளிப் போடாதீங்க. இன்ஜினைத் திறக்கும்போதே பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கூலி ஒருமுறையோடு போகும்.

இறக்கத்தில் உயிர்

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் மலை இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடிப்பு பின்சக்கரத்துக்குப் போவது செயின் வழியாகத்தான். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். செயின் பாதி வழியில் அறுந்தாலும் இன்ஜின் பிடிப்பு போய்விடும். அறுந்த செயின் சக்கரத்தில் சிக்கினால் வண்டியே கவிழும். நான்கு லிட்டர் பெட்ரோல் மிச்சம் பிடித்தாலும் ஒரு உயிருக்கு ஈடாகுமா?

இன்னொன்று. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சேலைத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. துருப்பிடித்தது, சத்தம் போடுகிறது என்று அதையும் செயின் கவரையும் கழற்றி வீசிவிடுகிறார்கள். பின்னால் உட்கார்வது நாம். சேலையும் துப்பட்டாவும் நம்முடையவை. திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்போம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

"எது கெட்டுப் போச்சு, காட்டுங்க" என்று கேளுங்கள். திறப்பதற்கு முன்பே செலவைப் பேசுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள். ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குழுவில் வரவு செலவு எழுதுகிற நமக்கு இது புதுசா என்ன?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு வண்டியை வாசலில் நிறுத்தி, எல்லோரும் செயினைத் தொட்டுப் பாருங்கள். ஒருமுறை கையால் பார்த்தவருக்கு அப்புறம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.