கையில் இருக்கும் போன்: பேர் பெரிசா, பயன் பெரிசா?



ஐபோனா, ஆண்ட்ராய்டா என்று இரண்டு அணியும் மோதி முடித்துவிட்டார்கள். 2007-இல் ஐபோன் வந்தது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை! மாமியார் மருமகள் சண்டைகூட நடுவில் ஒருநாள் ஓயும். இது ஓயவே மாட்டேங்குது. (சிரிப்பு)

தீர்ப்புக்கு முன்னாடி உங்கள் தூத்துக்குடி முத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அந்தக் காலத்தில் சிப்பியைத் திறந்து பார்த்தா வாங்கினார்கள்? மூடின சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் யோகம். இல்லாவிட்டால் நாற்றம்தான் மிச்சம்! (சிரிப்பு) ஆனால் முத்து கைக்கு வந்துவிட்டால் வியாபாரி மயங்க மாட்டார். சல்லடையில் சலித்து அளவு பார்ப்பார், உருட்சி பார்ப்பார், நிறம் பார்ப்பார், நிறுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் விலை. நாமோ போனை மூடின சிப்பி மாதிரி வாங்குகிறோம். முத்து மாதிரிப் பார்த்து வாங்க வேண்டாமா?

முதலில் தண்ணீர். ஐபி68 என்று போட்டிருந்தால் கடலில் முக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத்தண்ணீர் சார்ஜ் போடுகிற இடத்தை அரித்துவிடும். விலை எதுவானாலும் படகில் அதற்கு ஓர் உறை வேண்டும்.

அடுத்தது பேட்டரி. வெறும் எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஐபோனில் எண் சிறிதாக இருந்தாலும், சில்லை வடிவமைப்பதும் மென்பொருளை எழுதுவதும் ஒரே கம்பெனி என்பதால் சிக்கனமாக ஓடுகிறது. ஐபோன் அணிக்கு இங்கே ஒரு கைதட்டல்! (கைதட்டல்)

மூன்றாவது ஆயுள். கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் எஸ்24-க்கும் ஏழு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவதாக வாக்குக் கொடுத்தன. விலை குறைந்த பல போன்களுக்கு அந்த ஆயுள் கிடையாது. பேங்க் பணமே போனில் இருக்கும்போது, பூட்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்க வேண்டாமா?

கடைசியாக, உயிர். கரையை விட்டு ரொம்ப தூரம் போனால் டவர் கிடைக்காது. ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம், செயற்கைக்கோளே போதும். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது! அதற்கப்புறம் 2019-இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் செய்தியை வாங்கி, புளூடூத் வழியாகப் போனுக்குக் கொடுக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி அலை உயரம், காற்று, கடல் எல்லை எல்லாம் சொல்கிறது. அது சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும். (கைதட்டல்)

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1997 முதல் 2001 வரை அங்கே கடலோரத்தில் செல்போன் பரவியது. எந்தக் கரையில் என்ன விலை என்று மீனவர் கடலிலிருந்தே கேட்டுக்கொண்டார். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் 2007-இல் எழுதினார்: மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அது என்ன போன்? பொத்தான் போன் ஐயா!

ஆகவே தீர்ப்பு இதுதான். காலேஜுக்குப் போகிற பிள்ளை படம் எடுக்கட்டும், நல்ல கேமரா வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் கடனை வாங்கிப் பேருக்காக வாங்காதீர்கள். போனைப் பார்த்து விலை கேட்பதற்கு முன்னால், உங்கள் வேலையைப் பார்த்துப் போனைக் கேளுங்கள். பேரைவிடப் பயனே பெரிது என்று சொல்லி அமர்கிறேன்.