முதல் எர்ரரைப் படியுங்கள்

லினக்ஸ் ஓடும் கணினியில் ஒரு சிறு கோப்பு உண்டு. திறந்தால் உள்ளே ஒரே ஓர் எண்: 47000. பிராசசர் இப்போது 47 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று பொருள். ஒரு டிகிரியை ஆயிரமாகப் பகுத்துச் சொல்வது கெர்னலின் வழக்கம். ஹார்டுடிஸ்கில் தேடினால் இந்தக் கோப்பு கிடைக்காது. நாம் படிக்கும்போது கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் சில்லிடம் கேட்டு எண்ணைத் தருகிறது. இன்டெல் பிராசசரோ வெப்பநிலையை நேராகச் சொல்வதில்லை. தாங்கக்கூடிய உச்சத்தை எட்ட இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்றுதான் சொல்லும். உச்சத்திலிருந்து அந்த மிச்சத்தைக் கழித்து 47 என்று சொல்வது ‘கோர்டெம்ப்’ டிரைவரின் வேலை.

வெப்பநிலை, ஃபேன் வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றைத் திரட்டித் தரும் ‘எல்எம்-சென்சார்ஸ்’, எல்எம்78 போன்ற பழைய சில்லுகளின் பெயரிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. அதன் லைப்ரரியை நம்பி எத்தனையோ கண்காணிப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மூலநிரலை இறக்கி, ‘மேக்’ என்று தட்டியதும் திரை முழுக்க எர்ரர் வந்து நின்றால் பலரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ‘எர்ரர் 1’ என்றோ ‘எர்ரர் 2’ என்றோ இருக்கும். ஏவிய வேலை முடியவில்லை என்று ‘மேக்’ சொல்கிறது, அவ்வளவுதான். காரணம் மேலே இருக்கிறது. ஒரு டைப்பின் பெயர் கம்பைலருக்குப் புரியாமல் போனால், அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு வரிக்கும் அது புதிதாகக் குறை சொல்லும். ஐம்பது எர்ரரில் நாற்பத்தொன்பது இப்படி வந்தவையாக இருக்கலாம். எட்டுக் கோப்புகளை ஒரே சமயத்தில் கம்பைல் செய்யச் சொல்லியிருந்தால் முதல் எர்ரர் நடுவில் எங்கோ புதைந்துபோகும். ஒவ்வொன்றாக ஓடவிட்டு மறுபடி பாருங்கள்.

அதிகம் பேரைத் தடுமாற வைப்பது ‘சென்சார்ஸ்.எச்’ என்ற ஹெடர் கோப்பு இல்லை என்ற செய்தி. லைப்ரரிதான் கணினியில் இருக்கிறதே என்று தோன்றும். மென்பொருளை ஓட்டத் தேவையானதும், அதை வைத்து இன்னொரு மென்பொருளைக் கட்டத் தேவையானதும் தனித்தனி பேக்கேஜ்கள். இரண்டாவதன் பெயர் டெபியன், உபுண்டுவில் ‘டெவ்’ என்றும், ஃபெடோராவில் ‘டெவெல்’ என்றும் முடியும். எல்எம்-சென்சார்ஸையே கட்டுவதானால் பைசனும் ஃப்ளெக்ஸும் வேண்டும். அதன் அமைப்புக் கோப்பைப் படிக்கும் நிரலை உண்டாக்கித் தருபவை அவை.

‘அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வந்தால் ஹெடரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கம்பைலர் தன் பங்கை முடித்துவிட்டது. இது லிங்கரின் குரல். சென்சார்ஸ் லைப்ரரியை இணைக்கச் சொல்ல மறந்திருப்போம், அல்லது கட்டளையில் அதை முன்னால் வைத்திருப்போம். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. லைப்ரரியைக் கடைசியில் வையுங்கள். பழைய மூலநிரலில் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ வந்தால் 2020இல் வெளியான ஜிசிசி 10 கம்பைலரை நினைவுகூருங்கள். ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன்’ இல்லாமல் எழுதிய பொது மாறிகளை அதுவரை லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவந்தது. அந்தச் சலுகை ஜிசிசி 10இலிருந்து இயல்பாகக் கிடைப்பதில்லை.

கடினமான இடம் டிரைவர். மதர்போர்டில் உள்ள சில்லு புதியது, கெர்னலுக்கு அதைத் தெரியாது என்றால் டிரைவரைத் தனியே கொண்டுவந்து கட்ட வேண்டியிருக்கும். அதற்கு, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் பதிப்பின் ஹெடர்களே தேவை. ஓர் எண் மாறினாலும் ஆகாது. போன மாதம் கம்பைல் ஆன டிரைவர், கெர்னலைப் புதுப்பித்ததும் உடைந்துபோவதும் உண்டு. கெர்னலின் உள் அமைப்புகள் நிலையாக இருக்கும் என்று அதன் ஆசிரியர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க மாட்டோம் என்று கிரெக் குரோ-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கெர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பு இதற்கு நல்ல உதாரணம். ஐ2சி இணைப்பு வழியே பேசும் சில்லுகளுக்கான டிரைவர்களின் ‘ரிமூவ்’ ஃபங்ஷன் அதுவரை ஓர் எண்ணைத் திருப்பித் தந்தது, 6.1இல் எதையும் தரக் கூடாது என்றானது. பழைய டிரைவரைக் கொடுத்தால் பாயின்டர் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் நிறுத்திவிடும்.

இங்கே ஒரு குறுக்குவழி கையருகே இருக்கும்: வகையை வலிந்து மாற்றி எழுதி கம்பைலரின் வாயை அடைத்துவிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாதாரண மென்பொருள் தவறினால் அது மட்டும் விழும். கெர்னலுக்குள் தவறினால் கணினியே உறைந்துவிடலாம், எழுதிக்கொண்டிருந்த கோப்பும் போகலாம். அதே கெர்னல் பதிப்பின் மூலநிரலில் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு டிரைவரைத் திறந்து, அந்த ஃபங்ஷனை இப்போது எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாற்ற வேண்டியவை பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளே. மாற்றிய பின் ‘மேக் கிளீன்’ கொடுத்துப் பழைய மிச்சங்களைத் துடைத்துவிட்டு மீண்டும் கட்டுங்கள்.

கட்டி முடித்தும் டிரைவர் ஏற மறுத்தால், செக்யூர் பூட் அதன் கையொப்பத்தைக் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஏறிவிட்டால் ஃபேனுக்குரிய கோப்பைத் திறந்து பாருங்கள். வழக்கமான ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்பும். சில்லு அதை வைத்து நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்கிடும். பயாஸ் திரை காட்டும் வேகத்தைப் போல இரு மடங்கோ பாதியோ வந்தால், கோளாறு அந்தத் துடிப்புக் கணக்கில்தான் இருக்கும்.