ரெண்டு டிஸ்க் போட்டா போதுமா? இன்ஸ்டால் பண்ணும்போதே மிரர் அமைப்போம்



2024 கோடை விடுமுறையில் ஆரோவில் பக்கம் ஒரு சின்ன ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் மாதாமாதம் அளந்து எழுதி வைப்பது அவர்கள் வேலை. மரக்காணம் உப்பளங்களிலிருந்து புதுச்சேரி வரை நீளும் கடற்கரை அது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வந்துவிடும் என்ற பயம் அங்கே எப்பவும் உண்டு. பல வருஷ அளவுகள் எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன.

யோசிச்சுப் பாருங்க. போன வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று இன்னைக்குப் போய் அளக்க முடியாது. டிஸ்க் போனால் அந்த எண் போனதுதான்.

"அக்கா, ரெண்டு புது டிஸ்க் வாங்குங்க, மிரர் போட்டுடலாம்" என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன். போட்டும் கொடுத்தேன். அந்த நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கரன்ட் போய்ப் போய் வந்தது. எல்லாம் அடங்கியதும் போன் வந்தது: "தம்பி, பூட் டிவைஸ் இல்லைன்னு ஸ்கிரீன்ல வருது."

மிரர் போட்டும் ஏன் இப்படி? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

மிரர்னா என்ன?

1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூன்று பேரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு பெரிய விலை உயர்ந்த டிஸ்க்குக்குப் பதில் பல மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது அதன் வாதம். 'ரெய்டு' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அதில் ரெய்டு 1 என்பதுதான் மிரர்: எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும்.

விலை என்ன? பாதி இடம். ரெண்டு 1 டிபி டிஸ்க் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 1 டிபிதான். ஒன்று 1 டிபி, இன்னொன்று 2 டிபி என்றாலும் சின்னதன் அளவுதான் கணக்கு.

ஒரு டிப்ஸ்: ரெண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீங்க. ஒரே தொகுப்பில் தயாரானவை, ஒரே வேலை பார்த்தவை, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் மண்டையைப் போட வாய்ப்பு அதிகம்.

இன்ஸ்டால் பண்ணும்போது

தனி ரெய்டு கார்டு எதுவும் வேண்டாம். லினக்ஸ் கெர்னலிலேயே இந்த வசதி இருக்கிறது. அதை ஆட்டுவிக்கும் கருவியின் பெயர் எம்டிஅட்மின். டெபியனை உதாரணமாக எடுத்துக்குவோம்.

1. இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன் கட்டம் வரும்போது 'மேனுவல்' தேர்ந்தெடுங்க.

2. முதல் டிஸ்க்கில் 512 எம்பிக்கு ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். மீதி இடம் முழுவதும் ஒரே பார்ட்டிஷன். அதன் வகை 'பிசிக்கல் வால்யூம் ஃபார் ரெய்டு'.

3. இரண்டாவது டிஸ்க்கிலும் அச்சு அசலாக அதே அளவுகள்.

4. 'கான்ஃபிகர் சாஃப்ட்வேர் ரெய்டு' போய், புது எம்டி டிவைஸ், ரெய்டு 1, செயல்படும் டிஸ்க் 2, உபரி 0 என்று கொடுத்து, அந்த ரெண்டு பெரிய பார்ட்டிஷன்களையும் டிக் பண்ணுங்க.

5. இப்போது 'எம்டி0' என்று ஒரு புது டிஸ்க் பட்டியலில் தெரியும். அதை இஎக்ஸ்டி4 ஆக்கி ரூட்டாக வைங்க. வழக்கம்போல இன்ஸ்டாலைத் தொடருங்க.

ஸ்வாப்பை மட்டும் ஒற்றை டிஸ்க்கில் தனியாக வைக்காதீங்க. அந்த டிஸ்க் செத்தால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களும் சேர்ந்து விழும். பிறகு மிரருக்குள்ளேயே ஒரு ஸ்வாப் ஃபைல் போட்டுக்கலாம்.

முதல் பூட் ஆனதும் 'ப்ராக்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'எம்டிஸ்டாட்' ஃபைலைத் திறந்து பாருங்க. அடைப்புக்குறிக்குள் ரெண்டு 'யூ' தெரிந்தால் ரெண்டு டிஸ்க்கும் நலம். ஒரு 'யூ'வும் ஒரு அடிக்கோடும் தெரிந்தால் ஒன்று அவுட்.

நான் விட்ட இடம்

இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். விட்டது அந்த 512 எம்பியில்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் எழுவது லினக்ஸ் இல்லை, மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். அதற்கு லினக்ஸ் மிரர் என்றால் என்னவென்றே தெரியாது. அது நேராக ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடி, அங்கிருந்து பூட்லோடரை எடுக்கும். அதனால்தான் அந்தப் பார்ட்டிஷனை மிரருக்கு வெளியே வைக்கிறோம். ஆனால் டெபியன் இன்ஸ்டாலர் பூட்லோடரை முதல் டிஸ்க்கில் மட்டும்தான் போட்டது. ரெண்டாவது டிஸ்க்கில் நான் ஒதுக்கிய 512 எம்பி காலியாகவே இருந்தது.

புயலில் செத்தது முதல் டிஸ்க். கிணற்று அளவுகள் எல்லாம் ரெண்டாவதில் பத்திரம், ஆனால் வீட்டுக்குள் போகச் சாவி இல்லை! லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, எம்டிஅட்மின் மூலம் ஒற்றை டிஸ்க்கோடு மிரரைக் கிளப்பினேன். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நீங்க என்ன பண்ணணும்? இன்ஸ்டால் முடிந்ததும் கிரப் பேக்கேஜை மறுபடி கான்ஃபிகர் பண்ணுங்க. கேள்விகள் எல்லாம் காட்டும்படி 'லோ' முன்னுரிமையில் ஓட்டினால், 'ரிமூவபிள் மீடியா' பாதையிலும் ஒரு பிரதி போடவா என்று கேட்கும்; ஆம் சொல்லுங்க. எந்த டிஸ்க் இருந்தாலும் ஃபர்ம்வேர் கடைசியாகத் தேடும் பொது இடம் அது. பிறகு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து, 'டிடி' கட்டளையால் அப்படியே ரெண்டாவது டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு நகலெடுங்க. எது மூலம், எது இலக்கு என்று ரெண்டு தடவை பார்த்துட்டு என்டர் தட்டுங்க. பின்னாளில் கிரப் அப்டேட் வந்தால் இந்த நகலையும் புதுப்பிக்கணும்.

உபுண்டு சர்வர் போடுபவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். அதன் இன்ஸ்டாலரிலேயே ரெண்டாவது டிஸ்க்கையும் பூட் டிவைஸாகச் சேர்க்கும் வசதி இருக்கு.

பிடுங்கிப் பாருங்க

முக்கியமான விஷயம் இது. டேட்டாவை ஏற்றுவதற்கு முன்னாடியே சோதனை பண்ணுங்க. மெஷினை ஆஃப் செய்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழட்டி, ஆன் பண்ணுங்க. பூட் ஆகுதா? வழக்கத்தைவிடச் சில நொடிகள் கூடலாம், ஆகணும். மறுபடி ஆஃப் செய்து கேபிளை மாட்டி, எம்டிஅட்மின்னில் 'ஆட்' கொடுத்து அந்த டிஸ்க்கைச் சேருங்க. இணைந்து முடிந்ததும் ரெண்டாவதைக் கழட்டி அதே சோதனை. புது 1 டிபி டிஸ்க் என்றால், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் முழுசாக இணைய மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அந்த நேரம் முழுக்க உங்களிடம் நல்ல நகல் ஒன்றுதான். யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீங்க.

இன்னொன்று: எம்டிஅட்மின் கான்ஃபிக் ஃபைலில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, மெயில் உண்மையிலேயே வருதா என்றும் பாருங்க. மிரரில் ஒரு டிஸ்க் செத்தால் மெஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். யாரும் கவனிக்கலைன்னா, அடுத்ததும் சாகும் நாளில்தான் தெரியவரும். உப்புக்காற்று வீசும் ஊரில் கனெக்டர்கள் துருப்பிடிப்பது சாதாரணம் என்பதால் இது இன்னும் முக்கியம்.

மிரர் பேக்கப் இல்லை

தப்பா ஒரு ஃபைலை டெலீட் பண்ணினால், அதே நொடியில் ரெண்டு டிஸ்க்கிலும் டெலீட் ஆகும். வைரஸ் வந்தாலும் அப்படித்தான். கூரை ஒழுகி மெஷின் மேல் தண்ணீர் கொட்டினால் ரெண்டும் சேர்ந்தே நனையும்.

மரக்காணத்து உப்பளத்தில் கேட்டுப் பாருங்க. பாத்தி ஓரத்தில் உப்பை ஒரு குவியலாகக் குவித்தாலும் ரெண்டாகக் குவித்தாலும் பெருமழை வந்தால் ரெண்டும் கரையும். மேட்டில் கொண்டு சேர்த்து மூடி வைத்ததுதான் மிஞ்சும்.

அதனால் இப்போது அந்த ஆபீஸில் மிரரும் இருக்கிறது, வாராவாரம் வெளியூருக்குப் போகும் ஒரு நகலும் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து சரிபார்ப்பது அக்காவின் வேலை. போன வாரம் கேட்டேன், "திறக்குது தம்பி" என்றார்.

உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் இப்போ எத்தனை இடத்தில் இருக்கு? இன்னைக்கே பாத்துடுங்க. அடுத்த இதழில் சந்திப்போம்!